சாணளந்தாரும் தங்கையின் கிணறும்

இருநூறு மாடுகள் ஒரே நேரத்தில் வாலைத் தூக்கினால் என்ன ஆகும் என்று நீங்கள் யோசித்துப் பார்த்திருக்க மாட்டீர்கள். நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் யோசிக்கிற விஷயமும் அல்ல அது. ஆனால் ஒருவர் முப்பத்தோரு வருஷம் அதை மட்டுமே யோசித்தார். மேட்டின் மேலே இருந்த பால் பண்ணையில் அவர் சாணக் குழிக்குப் பொறுப்பு. பால், கன்று, தீவனம் எதிலும் அவருக்குச் சம்பந்தம் கிடையாது. மாட்டின் முன்பக்கம் மற்றவர்களுடையது, பின்பக்கம் அவருடையது.

தினமும் காலையில் குழியின் கரையில் நின்று ஒரு கழியை இறக்குவார். நனைந்த இடத்துக்கு மேலே எத்தனை சாண் மிச்சம் என்று கையை விரித்து அளப்பார். ஆபீஸில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவர் தொட்டதே இல்லை. "நாடா சுருங்கும், என் கை சுருங்காது" என்பார். பால் லாரி ஓட்டுநர்தான் அவருக்குச் 'சாணளந்தார்' என்று பட்டம் கட்டினான். சாண் அளந்தவரா, சாணம் அளந்தவரா என்று யாராவது கேட்டால், "ரெண்டும்தான், எதுக்கு வஞ்சனை?" என்று அவரே சிரிப்பார்.

மூக்கு என்றால் அது மூக்கு. கண்ணைக் கட்டிவிட்டாலும், எந்த மாடு நேற்று சோளத்தட்டை தின்றது, எந்த மாடு பக்கத்துத் தொட்டியில் தலையை விட்டுத் திருடித் தின்றது என்று வாசனையை வைத்தே சொல்லிவிடுவார். ஒரு தடவை ஒரு மாடு சினையாக இருப்பதை மாட்டு டாக்டருக்கு இரண்டு நாள் முந்திச் சொல்லிவிட்டார். டாக்டர் கோபித்துக்கொண்டு ஒரு மாதம் பண்ணைப் பக்கமே தலைகாட்டவில்லை. இதில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். மீதிப் பாதி சத்தியம்.

கல்யாணம் ஆகவில்லை. மூன்று பெண் வீட்டார் வந்தார்கள். மூன்று பேரும் காப்பியைக் குடித்துவிட்டுக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடியே பேச்சு வார்த்தை நடத்தினார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு 'சம்மதம்' என்று சொல்ல வராது போலிருக்கிறது.

அவருக்கு இருந்த ஒரே சொந்தம் தங்கை. அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போனபோது அவளுக்கு ஆறு வயது, இவருக்குப் பத்தொன்பது. தலை பின்னிவிட்டது, பள்ளிக்கு அனுப்பியது, தையல் பழக்கியது, கட்டிக் கொடுத்தது எல்லாம் இவர்தான். அவள் வீட்டுக்குப் போனால் பின்கட்டில் கழுவிக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும்.

"அண்ணே, சோப்பு மூணு தடவை போட்டியா?"

"நாலு."

"அதுல ஒண்ணு பொய்."

"ரெண்டு பொய். சோத்தைப் போடு."

அவர் வேலை கேட்க எளிது. கொட்டகைத் தளத்தை இரண்டு வேளையும் வழித்துக் கழுவ வேண்டும். கழுவியது வாய்க்கால் வழியாகச் சல்லடைக்கு வரும். கெட்டி மேலே தங்கும், அதைக் கூரை போட்ட சிமென்ட் மேடையில் குவித்து எருவாக்க வேண்டும். நீர்த்தது கீழே இறங்கிக் குழிக்குப் போகும். அடியில் ஒரு பொட்டு கசியாதபடி கனமான விரிப்புப் போட்ட குழி. அதில் மூன்று நான்கு மாதம் ஊறியதை, வெயில் நாளாகப் பார்த்துக் குழாயைத் திறந்து தீவனப் புல் வயலுக்குப் பாய்ச்ச வேண்டும். புல் அதைக் குடிக்கும், மாடு புல்லைத் தின்னும், மாடு மறுபடி வாலைத் தூக்கும். இந்தச் சுற்று மேட்டின் மேலேயே நடக்கிற வரைக்கும் ஒருவருக்கும் தொந்தரவில்லை. மழைக்கு முன்னால் பாய்ச்சினால்தான் வந்தது வினை. புல் குடிப்பதற்குள் மழை அதை வாரிக்கொண்டு சரிவில் இறங்கிவிடும்.

சரிவின் அடியில் ஓர் ஓடை. ஓடைக்கு இந்தப் பக்கம் கடைசி வீடு தங்கையுடையது. பின்புறத்தில் பதினெட்டு அடியில் உறை இறக்கிய கிணறு. அந்த வீட்டுக்கு வேறு தண்ணீர் இல்லை.

வீட்டை வாங்கும் முன் தங்கையின் புருஷன் தயங்கினான். அவன் பஸ் பணிமனையில் மெக்கானிக். எதையும் கழற்றிப் பார்த்துத்தான் நம்புவான். "பண்ணை மேலே இருக்கு, கிணறு கீழே இருக்கு மச்சான். எனக்கென்னவோ சரியாப் படலை" என்றான்.

"மேலே நான் இருக்கேன்ல, மாப்ளே" என்றார் இவர். "நான் இருக்கற வரைக்கும் ஒரு சொட்டு உங்க கிணத்துக்கு இறங்காது. என் தங்கச்சி வீட்டுத் தண்ணி. சும்மாவா?"

அந்த வாக்கை நம்பித்தான் வாங்கினார்கள். பதினோரு வருஷம் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தார்கள். பிள்ளை இல்லையே என்ற குறை ஒன்றைத் தவிர வேறு குறை இல்லை. பன்னிரண்டாம் வருஷம் அதுவும் தீர்ந்தது. பெண் குழந்தை. சாணளந்தார் அன்றைக்கு ஏழு தடவை சோப்புப் போட்டுக் குளித்தாராம், ஏழும் நிஜமாம். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, தலையிலிருந்து கால் வரை கையை விரித்து அளந்தார். "ரெண்டரைச் சாண்" என்று உலகத்துக்கு அறிவித்தார்.

தாய்ப்பால் போதவில்லை. பால் பொடியைக் கிணற்றுத் தண்ணீரில் கலந்து கொடுத்தார்கள்.

இனிமேல் சொல்வதில் கூட்டல் இல்லை. எதையும் கழிக்க வேண்டாம்.

பண்ணையைத் தொடங்கிய பெரியவர் அந்த வருஷத் தொடக்கத்தில் இறந்துபோய், அவர் மருமகள் பொறுப்பேற்றிருந்தாள். படித்தவள், நல்லவள், வேலைக்காரர்களை மரியாதையாகப் பேசுபவள். ஆனால் பண்ணைப் பேச்சு அவளுக்குப் புதிது. பெரியவர் காலத்தில் 'விடு' என்றால் அர்த்தம் ஒன்றுதான்: குழாயைத் திறந்து வயலுக்கு விடு. வேண்டாம் என்றால் 'நிறுத்து' என்பார். இருபது வருஷமாக அந்தக் குழியைச் சுற்றி இந்த இரண்டு சொற்கள்தான் நடமாடின. மருமகள் பிறந்து வளர்ந்த வீட்டிலோ, சண்டை போடுகிற பிள்ளைகளிடம், கொதிக்கிற பாலைத் தொடப் போகிறவரிடம், எதற்கும் 'விட்டுடு' என்றுதான் சொல்வார்கள். அப்படியே கிட, தொடாதே என்று அர்த்தம்.

அன்றைக்கு முற்பகல், குழியில் இரண்டு சாண்தான் மிச்சம். முந்தின வாரம் பெய்த மழையில் மண் ஏற்கெனவே ஊறியிருந்தது. மேற்கே லேசாகக் கருத்திருந்தது. வருமா வராதா என்று சொல்ல முடியாத கருப்பு. சாணளந்தார் முதலாளியம்மாவுக்குப் போன் போட்டார்.

அவள் பல் டாக்டர் நாற்காலியில் படுத்திருந்தாள். கடைவாய்ப் பல்லுக்காக ஊசி போட்டு, பாதி வாய் மரத்து, கன்னத்தில் பஞ்சு அடைத்திருந்தது. சாதாரண நாளாக இருந்தால் காரணம், நியாயம், நாளைய ஏற்பாடு எல்லாம் சேர்த்துப் பத்து வாக்கியம் பேசியிருப்பாள்.

"அம்மா, குழியில ரெண்டு சாண்தான் இருக்கு. மேற்கால கருக்குது. மேட்டு வயல் புல் அறுத்துக் காலியா இருக்கு. என்ன செய்யட்டும்?"

மறுமுனையில் ஒரே ஒரு சொல்தான் வந்தது. அதுவும் பஞ்சுக்குள்ளிருந்து. "விட்டுடு."

போனை வைத்துவிட்டு அவர் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தபடி நின்றார். பால் கறக்கிற பெண் கேன்களைக் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன சாணளந்தாரே, சிலையா நின்னுட்டீங்க?"

"விட்டுடுன்னு சொல்றாங்க."

"மழை வர்ற மாதிரி இருக்கேய்யா. திரும்ப ஒரு தடவை கேளுங்களேன்."

"இருபத்தோரு வருஷமா ஒரு சொல்லை ரெண்டு தடவை கேட்டதில்ல. புது ஆளுன்னு நெனச்சுடுவாங்க" என்றார். போய்க் குழாயைத் திறந்தார்.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. சரம் சரமாக இல்லை, சுவராக இறங்கியது. அவர் ஓடிப் போய்க் குழாயை மூடினார். பயிரிடாமல் ஓடையோரம் விட்டிருந்த முப்பதடி புல் வரப்பில் மண்ணை வெட்டி வெட்டிப் போட்டார். மண்வெட்டியால் ஒருவர் எவ்வளவு மழையை மறிக்க முடியும்? பழுப்புத் தண்ணீர் அவர் முழங்காலைச் சுற்றிக்கொண்டு கீழே போனது. அது போகிற திசையைப் பார்க்க அவருக்குக் கண் தேவைப்படவில்லை.

சாயங்காலம் நனைந்தபடியே தங்கை வீட்டுக்குப் போனார். உள்ளே ஏறவில்லை.

"தங்கம், மேட்டு வயல் தண்ணி கொஞ்சம் கிணத்துப் பக்கம் இறங்கியிருக்கும். காய்ச்சிக் குடிங்க. குழந்தைக்கு இன்னும் நல்லாக் காய்ச்சு."

"எத்தனை நாளைக்கு?"

"நான் போதும்னு சொல்ற வரைக்கும்."

அவளும் காய்ச்சினாள். அண்ணன் சொல்லிவிட்டாரே என்று, குழந்தைக்கான தண்ணீரைப் பாதியாகச் சுண்டும் வரை அடுப்பில் வைத்தாள். நாலாம் நாள் கிணறு தெளிந்தது. சாணளந்தார் வந்து ஒரு வாளி இறைத்து, மாட்டின் வயிற்றையே படித்த அந்த மூக்கை வாளிக்குள் விட்டுப் பார்த்தார். ஒன்றும் இல்லை. "சுத்தமா இருக்கு. ஆனாலும் காய்ச்சறதை நிறுத்தாதே" என்று சொல்லிவிட்டுப் போனார். சாணத்திலிருந்து மண்ணுக்குள் இறங்கித் தண்ணீரில் கரைகிற உப்புக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. அவருக்கு அது தெரியாது.

மூன்றாவது வாரம் குழந்தை பால் குடிக்கும்போதே சோர்ந்து சோர்ந்து விழுந்தது. உதடு நாவல் பழம் தின்றாற்போல் இருந்தது. நகமும் அப்படியே. மெக்கானிக் மாப்பிள்ளை பணிமனையிலிருந்து ஒரு பஸ்ஸையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். நாற்பத்தெட்டு இருக்கைப் பஸ்ஸில் மூன்று பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

டாக்டரம்மா குழந்தையைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "பாலை எந்தத் தண்ணியில கலக்கறீங்க?"

"கிணத்துத் தண்ணிதாங்க. ஆனா நல்லாக் காய்ச்சித்தான். பாதியாச் சுண்டற வரைக்கும்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "காய்ச்சினா கிருமி சாகும்மா. இது கிருமி இல்ல, சாணத்து உப்பு. குழந்தை ரத்தத்துல மூச்சுக் காத்தைச் சேர விடாது. தண்ணி சுண்டச் சுண்ட அது கெட்டியாகும்."

நீலம் பாரித்த குழந்தைக்கு நரம்பில் ஏற்றிய மருந்தும் நீல நிறம்தான். அந்த மருந்து உள்ளே போகப் போகக் குழந்தை சிவந்தது. பிழைத்துவிட்டது.

சாணளந்தார் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். தங்கை வெளியே வந்து, "பொழைச்சுட்டா" என்றாள். அவரைத் தாண்டிப் போய்ப் புருஷனிடம்தான் சொன்னாள்.

பதினைந்து நாள் கழித்து தண்ணீர் ஆய்வு அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் பண்ணைக்கு வந்தாள். கிணற்றில் அந்த உப்பு லிட்டருக்கு நூற்று முப்பத்தெட்டு மில்லிகிராம். நாற்பத்தைந்துக்கு மேல் இருந்தால் குடிக்கக் கூடாது. பண்ணை ஆபீஸில் மின்விசிறி கடகடக்க விசாரணை நடந்தது. தங்கை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவோரம் நின்றாள்.

"மழை வர்ற நாள்ல திறக்கச் சொன்னது யாரு?" என்றாள் ஆய்வாளர்.

"நான் திறக்கச் சொல்லவே இல்லீங்க" என்றாள் முதலாளியம்மா. "விட்டுடுன்னு சொன்னேன்."

"ஆமாங்க, விட்டுடுன்னு சொன்னாங்க" என்றார் சாணளந்தார்.

"அதான், சொன்னாங்கன்னு நீங்களே சொல்றீங்களே" என்றாள் முதலாளியம்மா.

"அதான் விட்டேன்."

"ஐயோ அண்ணே, விட்டுடுன்னா அப்படியே கிடக்கட்டும், தொடாதேன்னு அர்த்தம்!" என்றாள் முதலாளியம்மா.

"பெரிய முதலாளி விடுன்னா, விடுன்னுதாம்மா அர்த்தம்."

ஆய்வாளர் தாளில் அந்தச் சொல்லை எழுதினாள். எழுதியதைப் பார்த்தாள். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். யாரைக் குற்றம் சொல்வதென்று அந்தச் சொல்லே அவளுக்குக் காட்டிக்கொடுக்கவில்லை.

"ரெண்டு பேரும் சரி" என்றாள் தங்கை கதவோரத்திலிருந்து. "அப்போ கிணறுதான் தப்புப் பண்ணியிருக்கு."

அவள் அண்ணனை நேராகப் பார்த்தாள்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தம்மா சொன்னப்போ உனக்குச் சந்தேகம் வந்துச்சா, இல்லையா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் எல்லோரும் நம்பியிருப்பார்கள், அவளும் கூட. அவர் கையை விரித்து மேஜை மேல் வைத்தார், எதையோ அளப்பது போல. பிறகு மடக்கிக்கொண்டார்.

"வந்துச்சு" என்றார். "கேக்கலை."

தங்கை குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கிப் போனாள்.

பண்ணைக்கு ஆய்வு அலுவலகம் அபராதம் விதித்தது. முதலாளியம்மா அதை ஏற்றுக்கொண்டாள், அவரை வேலையிலிருந்து அனுப்பவில்லை. குழிக்குப் பக்கத்தில் ஒரு பலகை நட்டார்கள். 'திற', 'மூடு' என்ற இரண்டு சொற்களைத் தவிர வேறு எதையும் அங்கே சொல்லக் கூடாது என்று உத்தரவு. பண்ணை முழுக்க 'விடு' என்ற சொல்லுக்கே தடை வந்துவிட்டது. கன்றுக்குட்டியைப் பாலுக்கு விடச் சொல்ல வேண்டிய பால்காரப் பெண் திணறிப் போய், "கன்னைத் திற" என்று சொல்ல ஆரம்பித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். சாணளந்தாருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

குழியை இன்னும் பெரிதாக வெட்டினார்கள். முப்பதடி வரப்பை அவர் எண்பதடியாக்கினார், மரக்கன்று நட்டார். சரிவைப் பார்த்த வயலுக்கு அதன்பிறகு ஒரு சொட்டு பாய்ச்சவில்லை. மண்ணுக்குள் இறங்கியது வெளியேற வருஷக்கணக்காகும் என்று கிணற்றுத் தண்ணீரைச் சோதித்த ஆய்வகத்துப் பெண் சொல்லியிருந்தாள். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் அவர் பாட்டிலோடு தங்கை வீட்டுப் பின்புறம் வருவார். தானே கயிறு போட்டு இறைப்பார். அந்தத் தண்ணீராலேயே பாட்டிலை மூன்று தடவை அலசி, நாலாவது தடவை நிரப்புவார். அது முடிகிற வரை உள்ளே தையல் மெஷின் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். அவர் போனபிறகுதான் ஓய்வெடுக்கும். குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். குழந்தை வளர்ந்தது. "மாமா, உங்க மேல ஏன் மாட்டு வாசனை?" என்று கேட்கும். "மாடுங்க மேல மாமா வாசனை அடிக்குதாம், அதுங்களும் கேக்குதுங்க" என்பார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வராது.

நூற்று முப்பத்தெட்டு, நூற்றுப் பதினேழு, எண்பத்தொன்பது என்று இறங்கியது. ஒரு மழைக்காலம் மறுபடி ஏறித் தொண்ணூற்றாறு ஆயிற்று. அந்த முறை அவர் மூன்று நாள் சாப்பிடவில்லை என்று பால்காரப் பெண் சொன்னாள். ஆறாவது வருஷம் நாற்பத்தொன்று வந்தது.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினார். பின்கட்டில் கை கால் கழுவிக்கொண்டு, அந்த மழைக்கப்புறம் முதல் தடவையாக உள்ளே வந்து உட்கார்ந்தார். தங்கை மெஷினை நிறுத்தித் தாளை வாங்கிப் படித்தாள். மேலிருந்து கீழ்வரை, கையெழுத்து, முத்திரை உட்படப் படித்தாள்.

"நல்லா வந்திருக்கு" என்றாள்.

"குடிக்கலாம்னு போட்டிருக்கு, பாரு."

"பார்த்தேன்ணே."

எழுந்து போய் அவருக்கு டீ போட்டாள். கேனைச் சாய்த்துப் பாத்திரத்தில் ஊற்றுகிற சத்தம் கேட்டது. அவர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீயை நீட்டும்போது அவளே சொன்னாள்.

"தண்ணி சுத்தமாயிடுச்சுன்னு தெரியுதுண்ணே. உன் மேல கோவமும் இல்ல. கயித்தைப் பிடிக்க என் கைதான் போக மாட்டேங்குது."

"பரவால்ல, தங்கம்" என்றார். டீ முழுவதையும் குடித்தார்.

அதற்கப்புறமும் பாட்டில் நிற்கவில்லை. யாரும் குடிக்காத கிணற்றுக்கு எதற்கு இவ்வளவு சோதனை என்று ஆய்வகத்துப் பெண்ணே ஒரு தடவை கேட்டாள். "பார்த்துக்கறேன்னு வாக்குக் குடுத்திருக்கேம்மா" என்றாராம். நாலு வருஷம் கழித்து ஒரு காலை, கொட்டகைத் தளத்தை வழித்துக்கொண்டிருந்தவர், கொஞ்சம் உட்காருகிறேன் என்று உட்கார்ந்து, அப்படியே சாய்ந்துவிட்டார். அடக்கத்துக்கு முன் தங்கைதான் உடம்பைக் கழுவினாள். எத்தனை தடவை சோப்புப் போட்டாள் என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஆய்வகத்திலிருந்து போன் வந்தது.

"இந்தத் தடவை பாட்டில் வரலையே. அண்ணன் எங்கே?"

"அண்ணன் போய்ச் சேர்ந்துட்டாருங்க."

"ஐயோ, தெரியாதும்மா. அப்போ இந்தக் கிணத்தைப் பட்டியல்லேருந்து எடுத்துடறேன்."

"இருங்க" என்றாள் தங்கை. "நாளைக்குக் கொண்டு வர்றேன்."

மறுநாள் காலை கிணற்றடிக்குப் போனாள். கயிறு வெயிலில் விறைத்துப் போயிருந்தது. வாளியை இறக்கினாள். பாதியில் நிறுத்தி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு தண்ணீர் வரை இறக்கி இழுத்தாள். பாட்டிலை அலசினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது தடவை நிரப்பினாள். வாளியில் மிஞ்சியதை அவரைக்கொடிக்கு ஊற்றினாள்.

"நாமதான் குடிக்கறதில்லையேம்மா, எதுக்கு இது?" என்றாள் மகள். பத்து வயது. மாமாவின் கையால் அளந்தால் ஏழு சாண் இருப்பாள்.

"ரொம்ப நேரம் வெளியில வெச்சாக் கெட்டுடும். அந்த ஈரத்துணியை எடு" என்றாள் அம்மா.

பாட்டிலைச் சுற்றி, மடியில் நிமிர்த்தி வைத்துப் பிடித்தபடி, ஒன்பதரை பஸ்ஸுக்காக இரண்டு பேரும் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.